குடலின் சிவப்பு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இதனை வாசிப்பதற்குத் தாங்கள் ஒதுக்கும் பொழுதுக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். தமிழை நான் பள்ளியில் பயின்றவன் அல்லன். சைகோனில் பிறந்து, பாதிப் படிப்பைப் பிரெஞ்சிலும் மீதியை வியட்நாமிய மொழியிலும் படித்து, இரண்டும் நிறைவுறாமல் நின்றவன். காரைக்காலிலிருந்து வந்து துணிக்கடை நடத்திய என் தகப்பனாருக்கு ஊரிலிருந்து வரும் சரக்கைப் பழைய தமிழ்த் தாள்களில் சுற்றி அனுப்புவார்கள். அவற்றை நீவி விரித்து, எழுத்துக் கூட்டி வாசித்து இந்நடையைப் பழகிக்கொண்டேன். சொற்குற்றம் காணின் பொறுத்தருள வேண்டுகிறேன். பொருளில் குற்றமில்லை என்று உறுதி கூறுவேன்.

நகரம் கைமாறிய பிறகு எங்கள் கடை போயிற்று. உறவினர் பலரும் கப்பலேறினர். தகப்பனார் நோயில் கிடந்தமையால் நாங்கள் தங்கினோம். அவர் மறைந்தபின் கப்பலுக்கு வழியில்லாமல் தங்கினோம். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கண்ணாடி கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. கழுவியவாறே பார்த்தேன், பார்த்தவாறே கற்றேன். பல ஆண்டுகள் சென்றபின் திசுவுக்கு நிறமேற்றும் பணியை என்னிடம் ஒப்படைத்தனர். அதனோடு கூடத்தின் பின்புறம் இருந்த பணியாளர் குடியிருப்பில் ஓர் அறையும் தந்தனர். அதற்கு முன்பு நானும் என் மனைவியும் பிறர் வீட்டு மூலைகளில் திரைச்சீலை கட்டி வாழ்ந்தவர்கள். அந்த அறைக்குச் சுவர் நான்கும் எங்களுடையவை. வேலை உள்ளவரைக்கும் அறை. வேலை போனால் அறையும் போகும் என்பது விதி. இந்த வரலாற்றில் எனக்கு இழப்பதற்கு இருந்தது அதுவே என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் பணியைச் சிறிது விளக்குகிறேன். மனிதத் திசுவின் துண்டொன்றை உறையவைத்து, வெங்காயத் தோலினும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லின்மேல் ஒட்டுவோம். ஆராய்ச்சியாளர் தேடும் பொருள் அதில் எங்கே உள்ளதென்று கண்ணுக்குப் புலப்படாது. அப்பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற நீரை அதன்மேல் விடுவோம். அந்த ஆன்டிபாடியோடு ஓர் என்சைம் பிணைக்கப்பட்டிருக்கும். இறுதியில் சாயநீரை ஊற்றினால் என்சைம் நிற்கும் இடத்தில் மட்டும் நிறம் படியும். நிறம் கண்ட இடமே தேடிய இடம்.

ஆனால் திசுவுக்குள்ளும் அதே இனத்து என்சைம் இயற்கையாகவே இருக்கிறது. அதுவும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே திசுவின் சொந்த என்சைமை முன்னதாகவே செயலற்றதாக்க வேண்டும். இதனை நானும், பின்னர் நான் கூறவிருக்கும் என் சகபணியாளரும் ‘வாய் கட்டுதல்’ என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். கட்டு சரியாக விழுந்ததா என்று அறிய, ஆன்டிபாடி விடாத சில்லொன்றையும் உடன் சாயத்தில் இடுவோம். அது வெறுமையாக நிற்க வேண்டும். அதில் நிறம் வந்துவிட்டால் அன்றைய வேலை முழுவதும் பொய்.

தொடக்கத்தில் பழுப்பு நிற முறையைக் கையாண்டோம். அதற்கு வாய் கட்டுவது ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவும் அதே நீர். ஆனால் உறைந்த திசுவின்மேல் அது நுரைத்துப் பொங்கி, சீவலையே கண்ணாடியிலிருந்து பெயர்த்துவிடும். அதனால் கூடத் தலைவி எங்களைச் சிவப்பு முறைக்கு மாற்றினார். இந்த முறையில் வேலை செய்யும் என்சைம் வேறு. அதன் இனத்தைத் திசுவுக்குள் வாய் கட்டுவதற்கு லெவமிசோல் என்ற மருந்து வேண்டும். அயல்நாட்டிலிருந்து அது வந்து சேர்வதற்குள் பருவம் மாறிவிடும். ஆனால் லெவமிசோல் என்பது புழு மருந்துதான். பன்றிகளுக்குக் கொடுப்பதற்காகக் கால்நடை மருந்துக் கடைகளில் மாத்திரையாகக் கிடைத்தது. அதை வாங்கி, பொடித்து, கரைத்து, வடிகட்டிப் பயன்படுத்தும் வழக்கம் எங்கள் கூடத்தில் ஏற்பட்டது.

என் சகபணியாளர், புதுச்சேரிக் கிறிஸ்தவச் சிப்பாய் ஒருவருக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தவர். கணவன் விட்டுப்போனவர். ஒரு பெண் குழந்தை உண்டு. தாயும் மகளும் கான் ஹொய்யில், படகுத்துறைக்குப் பின்னால், தண்ணீர் ஏறும் தரைவீடொன்றில் ஒண்டியிருந்தனர். என்னை அண்ணே என்று அழைப்பார். அந்தக் கட்டடம் முழுவதிலும் என்னோடு தமிழ் பேசியவர் அவர் ஒருவரே. மதிய உணவை ஒரே மேசையில் உண்டோம். பன்றி மாத்திரையை நான் பொடிக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு கேலி உண்டு.

“பன்னி மருந்த இடிச்ச கையோட பள்ளிவாசலுக்குப் போறீங்களே அண்ணே, படியிலேயே நிறுத்திட மாட்டாங்களா?”

மாத்திரை பன்றிக்குரியதே தவிரப் பன்றியினால் ஆனதன்று என்று நான் ஒவ்வொரு முறையும் விளக்கம் கூறுவேன். அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவார்.

பணம் கொடுத்துவந்த அயல்நாட்டார் தம் உதவியைக் குறைத்தபொழுது, நிறமேற்றும் பணிக்கு இனி ஒருவர் போதும் என்று தலைவி அறிவித்தார். அவர் என்னினும் வயதில் இளையவர், அயல்நாட்டில் கற்றவர், ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். ஆசிரியைகளைக் ‘கோ’ என்றழைப்பது இவ்வூர் மரியாதை. நானும் அவ்வாறே அழைத்தேன். மழைக்காலம் முடிந்ததும் அயல்நாட்டு அறிஞர் ஒருவர் வருவார் என்றும், குடல் திசுவில் நாங்கள் இருவரும் தனித்தனியே சிவப்பேற்றிக் காட்ட வேண்டும் என்றும், எது யாருடையது என்று அறியாமலே அவர் தேர்ந்தெடுப்பார் என்றும் சொன்னார். அதுவரையில் பழகிக்கொள்ளலாம். பழகுவதற்கு மனிதத் திசு கிடையாது. சந்தையில் குடல் வாங்கிக்கொள்ள வேண்டியது.

சைகோன் சந்தையில் குடல் என்றால் பன்றிக்குடல். கஞ்சிக்கடைகளுக்காக விடியலிலேயே கழுவிக் குவித்திருப்பார்கள். ஆராய்ச்சிக்கென்று தொடுவதில் குற்றமில்லை என்று மார்க்கம் அறிந்தவர் யாரேனும் எனக்குச் சொல்லியிருக்கக்கூடும். நான் யாரையும் வினவவில்லை. என் கை அதை எடுக்கவில்லை, அவ்வளவே. டோங் டு பள்ளிவாசலுக்கு இறைச்சி கொண்டுவரும் சாம் இனத்து முஸ்லிம் ஒருவரிடம் மாட்டுக்குடல் கேட்டேன். குடலை அறுத்த இடத்திலேயே விற்றுவிடுவதாகவும், சிறுநீரகம் வேண்டுமானால் தருவதாகவும் அவர் கூறினார்.

சிறுநீரகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சகபணியாளரிடம் ஆலோசனை கேட்டேன். அவர் தம் மேசையில் பன்றிக்குடலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“கிட்னி போதும் அண்ணே. அதுலதான் இந்த என்சைமு ரொம்ப இருக்கு. அதையே வாய் கட்டிட்டா குடலெல்லாம் எம்மாத்திரம்?”

சிறுநீரகத்தில் அந்த என்சைம் மிகுதி என்பது உண்மை. ஆதலால் நம்பினேன். மழைக்காலம் முழுவதும் மாட்டுச் சிறுநீரகத்தைச் சீவினேன். லெவமிசோல் சேர்த்த சாயத்தில் ஆன்டிபாடி இல்லாத சில்லை இட்டால் அது கழுவிய தட்டுப்போல் வெறுமையாக நின்றது. அவற்றைத் தலைவியிடம் கொண்டுசென்று காட்டினேன். அவர் நுண்ணோக்கியில் பார்த்து, மிகத் தூய்மை என்று சொல்லித் திருப்பித் தந்தார். குடல் எங்கே என்று கேட்கவில்லை.

என் மனைவி அந்நாட்களில் சுவருக்கு வெள்ளையடித்தாள். தேர்வு முடியட்டும் என்று நான் கூறினேன். எத்தனை வருஷமா மத்தவங்க வீட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தோம், இப்ப எனக்குத் தோணுது, அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அறிஞர் வருவதற்கு முந்தைய நாள் அறுவைக்கூடத்திலிருந்து மனிதக் குடல் வந்தது. இருவருக்கும் பாதி பாதி. முற்பகலில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தினேன். சாயத்தை ஊற்றிச் சற்று நேரத்தில், ஆன்டிபாடி விடாத சில்லில், குடலின் உள்வரம்பு முழுவதும் சிவந்தது. ஓரத்துக்கு ஓரம் குங்குமக் கோடு இழுத்தாற்போல் அது ஓடியது. எது தேடிய பொருள், எது குடலின் சொந்தச் சிவப்பு என்று பிரித்தறிய இயலாது. வாய் கட்டவில்லை.

மாத்திரை போலி என்று எண்ணினேன். கடைத்தெருவில் அந்நாளில் போலி மருந்துக்குக் குறைவில்லை. சகபணியாளரிடம் சில்லைக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார்.

“மருந்து பத்தல அண்ணே. கூட்டிப் போடுங்க. ரெட்டிப்பாப் போடுங்க.”

இரட்டிப்பாக இட்டேன். சிவப்பு அசையவில்லை. அதற்கும் மேல் இட்டேன். மாத்திரையில் மருந்தோடு கலந்திருந்த மாவுப்பொருள் வடிதாளையும் மீறி இறங்கி, திசுவின்மேல் மணல்போல் படிந்தது. பிற்பகலில் பருவம் முடிந்தும் விடாத மழை பெய்து, வழக்கம்போல் மின்சாரம் போய், உறையவைத்த துண்டு இளகிவிட்டது. எஞ்சிய சில்லுகள் எவையோ அவற்றைக்கொண்டே மறுநாளுக்கு ஆயத்தம் செய்தேன். சகபணியாளர் தம் வேலையை முன்னதாகவே முடித்து, சில்லுகளை மூடிவைத்துவிட்டு, மகளுக்குச் சளி என்று வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் நுண்ணோக்கியின் காட்சியைத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றில் தெரியும்படி அமைத்திருந்தார்கள். கூடத்தார் அனைவரும் நின்றனர். முதலில் சகபணியாளரின் சில்லுகள். நீலப் பின்னணியில், தேடிய உயிரணுக்கள் மட்டும் ஆங்காங்கே செந்நிறப் புள்ளிகளாய் நின்றன. குடலின் வரம்பு தூய்மையாக இருந்தது. ஆன்டிபாடி விடாத சில்லில் ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லை. அறிஞர் தலையை அசைத்தார்.

அடுத்து என்னுடையவை. பெட்டி முழுவதும் சிவந்தது. மணலும் தெரிந்தது. அறிஞர் என்னவோ கேட்டார், தலைவி மொழிபெயர்த்தார். எது யாருடையது என்று அறியாமல் தேர்வு நடக்கும் என்று கூறியிருந்த அதே தலைவி, என்னைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்து, இந்தச் சில்லில் தேடிய பொருள் எங்கே உள்ளது என்று கோல்கொண்டு காட்டும்படி பணித்தார். கோலைக் கையில் தந்தார்.

நான் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கே காட்டினாலும் சிவப்பு.

“எல்லா இடத்திலயும் இருக்குபோல” என்று ஓர் இளநிலை மருத்துவர் வியட்நாமிய மொழியில் சொன்னார். சிரிப்பு எழுந்தது. வேறொருவர், இவ்வளவு புழு மருந்து விழுங்கிய இந்தக் குடலுக்கு இனி ஆயுளுக்கும் பூச்சித் தொல்லை இராது என்றார். சிரிப்பு மறுபடியும் எழுந்தது. தலைவி சிரிக்கவில்லை. நான் காட்டட்டும் என்று காத்திருந்தார். காட்ட இயலவில்லை என்று என் வாயால் சொல்லும்வரை காத்திருந்து, அதன்பிறகே கோலை வாங்கிக்கொண்டார். சகபணியாளர் கைகளைக் கட்டிக்கொண்டு, தம் சில்லுகள் இருந்த தட்டைப் பார்த்தவாறு நின்றார்.

பிற்பகலில் தலைவி என்னை அறைக்கு அழைத்து, தேநீர் ஊற்றித் தந்து, நடந்ததன் காரணத்தை மாணவனுக்குக் கூறுவதுபோல் பொறுமையாக விளக்கினார். ஆன்டிபாடியோடு பிணைத்திருக்கும் என்சைம் கன்றுக்குட்டியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. லெவமிசோல் மற்ற உறுப்புகளின் என்சைமை அடக்கும். குடலின் என்சைமை மட்டும் அடக்காது. அடக்காது என்பதனாலேயே அது இந்த முறைக்குப் பொருந்துகிறது. இல்லையேல் நம்முடைய நிறத்தையும் சேர்த்தே அழித்துவிடும். ஆகவே திசுவே குடலாக இருந்தால் அந்த மருந்தினால் பயனில்லை. ஆன்டிபாடி விடுவதற்கு முன்பாக, குளிர்ந்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது காடிக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலத்தில், சில்லைச் சிறிது நேரம் முக்கி எடுத்தால் குடலின் என்சைம் அடங்கும்.

“அவங்களுக்கு இது தெரியுமா, கோ?” என்று கேட்டேன்.

“தெரியும். பன்றிக்குடல் சிவந்ததும் என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் சொன்னேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலயே. சுத்தமான கிட்னியக் கொண்டுவந்து காட்டிட்டு, நான் பாராட்டறதுக்காக நின்னீங்க. பாராட்டினேன்.”

இதை அவர் ஏளனமாகக் கூறவில்லை. கணக்கைச் சரிபார்ப்பவர் குரலில் கூறினார். முடிவு முன்பே தெரிந்திருக்கத் தேர்வு எதற்கு, தொலைக்காட்சிப் பெட்டி எதற்கு, கோல் எதற்கு என்று கேட்டேன். அவர் தம் தேநீரை அருந்தி முடித்தார்.

“இத்தனை வருஷம் வேலை செஞ்ச ஆளை நான் போகச் சொன்னா, நீங்க மேலிடத்துக்குப் போவீங்க, அழுவீங்க. எல்லார் முன்னாடியும் உங்களால காட்ட முடியலன்னா நீங்களே போயிடுவீங்க. எனக்கும் ஒரு ஆளத்தான் வச்சுக்க முடியும்.”

அவர் கணித்தது சரியே. நான் மேலிடத்துக்குப் போகவில்லை. சிவந்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது?

அறைக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “ஒரு தடவ பன்னிக்குடலத் தொட்டிருந்தா என்ன? அல்லா கையையா வெட்டிருப்பான்? இப்ப எந்த வீட்டு மூலைக்குப் போறது, சொல்லுங்க” என்று கேட்டாள். அவள் அன்று பேசியது அவ்வளவே. அதன்பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை. உணவை வைப்பாள், தட்டை எடுப்பாள்.

அறையைக் காலி செய்ய வேண்டிய வாரத்தில் சகபணியாளர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். நிறமேற்றும் பணி யாருக்கோ அறையும் அவருக்கே என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சகபணியாளர் அவளைத் தாண்டிச் சென்று சன்னலின் அகலத்தைக் கையை விரித்து முழம்போட்டு அளந்தார். குழந்தை சுவரைத் தடவி, வெள்ளை ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்தது.

நான் அவரை வெளித்தாழ்வாரத்துக்கு அழைத்து, ஏன் என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

“காடியப் பத்திச் சொல்லியிருந்தா ரெண்டு பேரு சில்லும் சுத்தமா இருந்திருக்கும் அண்ணே. அப்ப அவங்க யார வச்சிருப்பாங்க? ஆம்பளையத்தான். எங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறுது. பாப்பா கட்டில்மேல உக்காந்து படிக்குது.”

“மருந்தக் கூட்டிப் போடச் சொன்னியே.”

அதற்கு அவர் கூறியதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“கொஞ்சம் செவந்தா பாவம்னு விட்டுருவாங்க. நல்லாச் செவக்கணும்னுதான் சொன்னேன்.”

வெட்கப்பட்டோ வருந்தியோ அவர் அதைச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பிறகு, சமையலிடத்துப் பலகையையும் துணிக்கம்பியையும் நாங்கள் கழற்றிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டால் நலமாயிருக்கும் என்றும், கழற்றினால் புதிய வெள்ளை பெயர்ந்துவிடும் என்றும் கேட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு வந்து, பலகையையும் கம்பியையும் அப்போதே பிடுங்கினாள். காரை பெயர்ந்து விழுந்தது. குழந்தை பயந்து தாயின் பின்னால் ஒளிந்தது. அவர் விழுந்த காரையைக் காலால் ஓரமாக ஒதுக்கினார்.

நாங்கள் குடிபுகுந்த இடம் எதுவென்று சொன்னால் தாங்கள் கதை கட்டுகிறேன் என்று எண்ணக்கூடும். கான் ஹொய்யில் அவர்கள் காலி செய்த அதே தரைவீடு. அவ்வளவு குறைந்த வாடகைக்கு வேறிடம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரியிடம் எங்களுக்காகப் பேசியவரும் அவரே. ஆற்றில் நீர் ஏறும் நாட்களில் மனைவி அடுப்பைக் கட்டில்மேல் தூக்கி வைத்துச் சமைத்தாள். நான் துறைமுகக் கிடங்கொன்றில் மூட்டைகளுக்கு அடையாளமிடும் வேலைக்குப் போனேன். என் மனைவி அந்த வீட்டிலேயே இறந்தாள். அன்றும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. மய்யித்தாகிய அவள் உடலைத் தரையில் கிடத்த முடியாமல், அண்டை வீட்டாரிடம் மேசை வாங்கி, அதன்மேல் கிடத்திக் குளிப்பாட்டினோம். எந்த வீட்டு மூலைக்குப் போவது என்று அன்று கேட்டதற்கு முன்பும் பின்பும் அவள் என்னை வேறெந்தக் கேள்வியும் கேட்டதில்லை. அதற்கு நான் விடை சொன்னதுமில்லை.

அந்தக் கூடத்தில் இன்றும் என்னைப் பற்றி ஒரு பேச்சு நிலவுவதாகக் கேள்விப்படுகிறேன். போலிப் புழு மருந்தை வாங்கி ஆராய்ச்சியைக் கெடுத்த இந்தியன் ஒருவன் இருந்தான் என்று புதிதாக வருவோருக்குச் சொல்லிச் சிரிப்பார்களாம். மருந்து போலியன்று. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. குடலில் அதற்கு வேலை இல்லை என்பதே உண்மை. குடல் திசுவைச் சிவப்பு முறையில் நிறமேற்றுவோர் எவராயினும் லெவமிசோலை நம்ப வேண்டாம். முதலில் குளிர்ந்த அசெட்டிக் அமிலத்தில் முக்கி எடுங்கள். சிறுநீரகத்தில் பழகிவிட்டுக் குடலுக்குப் போகாதீர்கள். எந்தத் திசுவில் தேர்வோ அந்தத் திசுவிலேயே பழகுங்கள்.

ஐயா, அம்மணி, எனக்குப் பிள்ளைகள் இல்லை. இவ்வூரில் தமிழ் வாசிப்போர் இன்று விரல்விட்டு எண்ணும் அளவினர். இந்தத் தாள்களைத் தாங்கள் எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.